புதியவர் தந்த உணவு

விருந்து என்னும் சொல்லை நாம் பலகாலும் வழங்குகிறோம். திருமணத்தில் விருந்து, திருவிழாவில் விருந்து, உறவினர் வந்தால் விருந்து. எனினும் அச்சொல்லின் முதற்பொருள் உணவு அன்று. புதுமை என்பதே ஆகும். தொல்காப்பியர் நூலுக்குரிய எட்டு வனப்புகளுள் ஒன்றாக விருந்தைக் கூறினார். அங்கு அச்சொல் புதிதாக யாக்கப்படும் நூலைக் குறித்தது. புதுமையைக் குறித்த அச்சொல்லே புதியராய் வந்தவரையும், அவர்க்கு அன்புடன் இடும் உணவையும் குறிப்பதாயிற்று. அறியாத முகம் ஒன்று வாயிலில் வந்து நிற்கும்பொழுது, அம்முகத்தை நோக்கி மலர்வதே விருந்தோம்பல் எனத் தமிழர் கொண்டனர். வள்ளுவரும் அதற்கெனத் தனி அதிகாரம் வகுத்தார்.

புதியவர்க்கு நாம் உணவு இடுவது விருந்து. ஆனால் புதியவரே தம் நாட்டு உணவைச் சமைத்து நமக்கு முன் வைத்தால், அதனை நாம் எங்ஙனம் ஏற்பது? முகம் சுளிப்பதா, மகிழ்ந்து உண்பதா? இவ்வினாவிற்கு விடை தரும் சிற்றூர் ஒன்று ஜப்பான் நாட்டில் உளது. அவ்வூரின் எளிய உணவுக்கடை ஒன்றினுள் நுழைந்து, ஒரு கிண்ண உணவின் முன் அமர்ந்து, அதன் வரலாற்றை அறிவோம்.

கித்தகத்தா நகரம்

ஜப்பானின் பெருந்தீவாகிய ஹோன்ஷூவின் வடபகுதியில் ஃபுகுஷிமா மாநிலம் உளது. அம்மாநிலத்தின் மேற்கில், மலைகள் சூழ்ந்த சமவெளியில் அமைந்த சிறு நகரமே கித்தகத்தா. அங்கு வாழ்வோர் 50,000-க்கும் குறைவானவரே. குளிர்காலத்தில் அவ்வூரில் பனி மிகுதியாகப் பொழியும். கூரைகள் வெண்மையாகும், தெருவோரங்களில் பனி ஆளுயரம் குவிந்து கிடப்பதும் உண்டு. இளவேனிலில் அப்பனி உருகி, மலையின் மண்ணினூடே வடிந்து, நிலத்தடி நீராய் ஊறுகிறது. தெளிந்த அந்நீரே அவ்வூரின் செல்வம். அந்நீரைக் கொண்டு அவ்வூரார் நெல்லரிசி மதுவும், சோயா சாஸும், மீசோ என்னும் சோயாக் கூழும் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தனர். அவற்றைக் காத்து வைக்கத் தடித்த மண்சுவர் கொண்ட பண்டசாலைகளை எழுப்பினர். அத்தகைய பண்டசாலைகள் அவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும் ஆயிரக்கணக்கில் உள்ளன. நல்ல நீர் ஓர் ஊருக்கு எத்துணைப் பெரிய பேறு என்பதை நொய்யலாற்றைக் கண்டவர்க்கு விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

இத்துணைச் சிறிய நகரில் ராமென் என்னும் உணவு விற்கும் கடைகள் ஏறத்தாழ நூறு இருக்கின்றன. ராமென் என்பது சூடான சாற்றில் மிதக்கும் கோதுமை மாவிழை உணவு. அவ்வுணவிற்குப் புகழ்பெற்ற ஊர்களாக ஜப்பானியர் மூன்றைக் கூறுவர். சப்போரோ, ஹக்காத்தா என்னும் இரண்டும் பெருநகரங்களைச் சார்ந்த பெயர்கள். மூன்றாவது இச்சிறு கித்தகத்தா.

கடையினுள்

கடையின் வாயிலில் ஒரு துணித்திரை தொங்கும். அவுரி நீலம் தோய்ந்த அத்திரையில் கடையின் பெயர் வெண்ணிற எழுத்துகளாய் விளங்கும். அதனை 'நோரென்' என்பர். திரை தொங்கினால் கடை திறந்துள்ளது என்பது பொருள். அதனை உள்ளே எடுத்துவிட்டால் அன்றைய விற்பனை முடிந்தது என்பது பொருள். பூட்டும் பலகையும் அறிவிக்க வேண்டியதை ஒரு முழத்துணி அறிவித்துவிடுகிறது. ஆடை நெய்யும் ஊரினர் மகிழத்தக்க வழக்கம் இது.

திரையை விலக்கி உள்ளே சென்றவுடன், 'இரஷ்ஷாய்மாசே' என்னும் குரல் எழும். 'வருக' என்பது அதன் பொருள். அடுப்பருகே நிற்பவர் பணியை நிறுத்தாமலே அவ்வாறு கூவி அழைப்பார். கடை சிறியது. அடுப்பைச் சுற்றி ஒரு நீண்ட மேடை. அதன் எதிரே சில இருக்கைகள். அப்பால் இரண்டு மூன்று மேசைகள். உண்பவர்க்கும் சமைப்பவர்க்கும் இடையே சுவர் இல்லை. தமக்குரிய உணவு எவ்வாறு உருவாகிறது என்பதை ஒவ்வொருவரும் தம் கண்ணாலேயே காணலாம்.

பெரிய கொப்பரையில் சாறு கொதித்துக்கொண்டிருக்கும். பன்றி எலும்பும், கோழியும், உலர்ந்த சிறுமீனும் நெடுநேரம் வெந்து இறங்கிய சாறு அது. அச்சிறுமீன் நம் நாட்டு நெத்திலிக் கருவாட்டை ஒத்தது. சமைப்பவர் கிண்ணத்தின் அடியில் சிறிது சோயா சாஸ் இடுவார். அதன்மேல் கொதிக்கும் சாற்றை வார்ப்பார். வேறொரு கலத்தில் வெந்த மாவிழைகளைக் கூடையால் வாரி, ஒரே வீச்சில் நீரை உதறி, சாற்றினுள் இறக்குவார். மேலே மெல்லியதாக அரிந்த பன்றியிறைச்சியும், மூங்கில் முளையும், வெங்காயத் தாளும் அடுக்குவார். கேட்ட சில நிமிடங்களுக்குள் கிண்ணம் நம் முன் வந்துவிடும். புலால் உண்ணாதார் இவ்வுணவைக் கேட்குமுன் வினவித் தெளிதல் நலம். காய்கறிச் சாற்றில் ஆக்கும் ராமெனும் இக்காலத்தில் சில கடைகளில் கிடைக்கிறது.

இழையும் சாறும்

கித்தகத்தாவின் மாவிழை தட்டையானது. ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலம் உடையது. சுருள் சுருளாய் நெளிந்தது. மாவில் நீரை மிகுதியாகச் சேர்த்துப் பிசைந்து, சிலகாலம் ஊறவிட்டு, பின்னர் இழையாக்குவர். ஆதலின் அது மென்மையும் துவளும் தன்மையும் ஒருங்கே பெறுகிறது. நெளிவுகளினூடே சாறு தங்கி, இழையோடு வாய்க்குள் வருகிறது.

கொங்கு நாட்டுச் சந்தகையை நீங்கள் உண்டிருப்பீர்கள். ஊறவைத்த அரிசியை அரைத்து, ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுமுன் அச்சில் இட்டுப் பிழிய, நூல் நூலாக இறங்குவது சந்தகை. அரிசியில் கோதுமைக்குரிய பசைத்தன்மை இல்லை. ஆதலின் அதனை வேகவைத்த பின்னரே இழையாக்க வேண்டும். கோதுமை மாவோ பிசையப் பிசைய இழுபடும் வலிமை பெறுவது. ஆதலின் அதனை முதலில் இழையாக்கிப் பின்னர் வேகவைக்கலாம். தானியத்தின் இயல்பு எவ்வாறோ அவ்வாறே சமைப்பவரின் முறையும் அமைகிறது.

ராமென் மாவிற்கு வேறொரு சிறப்பும் உண்டு. அதனைப் பிசையும் நீரில் 'கான்சுயி' என்னும் காரப்பொருளைச் சேர்ப்பர். சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் அதில் அடங்கியவை. நம் நாட்டில் அப்பள மாவில் காரம் சேர்ப்பதை ஒத்த செயல் இது. காரம் சேர்ந்த மாவு இறுகி, வெந்த பின்னும் குழையாமல் நிற்கும். அன்றியும், இளமஞ்சள் நிறமும் பெறும். அந்நிறம் முட்டையால் வந்தது எனப் பலர் எண்ணுவர். கோதுமையில் இயல்பாக உள்ள ஒரு பொருள் காரம் பட்டவுடன் மஞ்சளாய் மாறுவதே அதற்குக் காரணம். மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர ஆரத்தி சிவப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அங்கு நிகழ்வதும் காரத்தின் செயலே.

சாற்றின் சுவைக்கும் ஓர் அறிவியல் உண்டு. டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியராகிய இக்கெதா கிக்குனாயே என்பார் 1908-ஆம் ஆண்டில் கடற்பாசி ஒன்றை ஆராய்ந்து, அதன் சுவைக்குக் குளூட்டாமிக் அமிலமே காரணம் என்று கண்டார். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு என்பவற்றுள் அடங்காத அச்சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். சோயா சாஸிலும் நன்கு பழுத்த தக்காளியிலும் அச்சுவை உண்டு. உலர்ந்த மீனின் சாறு அதனோடு சேருங்கால் சுவை பன்மடங்காகப் பெருகும். தூத்துக்குடிப் பகுதியிலும் ஈழத்திலும் சமைப்போர் மாசிக் கருவாட்டை ஒரு சிட்டிகை தூவிக் குழம்பின் சுவையைக் கூட்டுவர். ஆய்வுக்கூடம் பின்னர்க் கண்டதை அடுக்களை முன்னரே அறிந்திருந்தது.

உண்ணும் முறை

கிண்ணம் முன்னே வந்ததும் ஜப்பானியர் கைகளைக் கூப்பி, 'இதாதகிமாஸ்' என்பர். 'பணிவுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்பது அதன் பொருள். பின்னர்க் குச்சிகளால் இழைகளை உயர்த்தி, ஓசையெழ உறிஞ்சி உண்பர். உண்ணும்பொழுது ஓசை எழுப்பலாகாது என்று நம் வீடுகளில் பெரியோர் கண்டிப்பர். அங்கோ, மாவிழையை உறிஞ்சும் ஓசை இழிவாகாது. கொதிக்கும் இழையோடு காற்றும் சேர்ந்து உள்ளே செல்வதால் சூடு தணிகிறது, மணமும் மிகுகிறது. அன்றியும், தாமதித்தால் இழை சாற்றில் ஊறிப் பதம் கெடும். ஆதலின் ராமெனை விரைந்து உண்பதே அதனை ஆக்கியவர்க்குச் செய்யும் மதிப்பு.

ஓசையில் இத்துணை உரிமை தந்தவர்கள் வேறு சிலவற்றில் மிகவும் கண்டிப்பானவர்கள். குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைத்தல் ஆகாது. ஒருவர் குச்சியிலிருந்து மற்றொருவர் குச்சிக்கு உணவை மாற்றுதலும் ஆகாது. முன்னது இறந்தோர்க்குப் படைக்கும் சோற்றையும், பின்னது எரித்த உடலின் எலும்பைப் பொறுக்குதலையும் நினைவூட்டுவன. நாமும் உண்டபின் இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்பதில் மங்கலமும் அமங்கலமும் பார்க்கிறோம் அன்றோ? ஒவ்வொரு நாட்டினரும் உணவைச் சுற்றி ஒரு வேலி கட்டியிருக்கின்றனர். வேலி நிற்கும் இடம் மாறலாம். வேலி இல்லாத நாடு இல்லை. பிறர் உண்ணும் முறையைக் கண்டு நகைப்பவர், தம் வேலியைத் தவிர வேறு வேலியை அறியாதவர்.

உண்டு முடித்தபின், 'கோச்சிசோசமா' என்று நன்றி கூறி எழுவர். அச்சொல்லினுள் 'ஓடுதல்' என்னும் பொருள் அடங்கியுள்ளது. விருந்தினர்க்கு உணவு தேடி இங்கும் அங்கும் ஓடியவரை நினைந்து கூறும் நன்றி அது. உரிய விலைக்கு மேல் கையூட்டாகவோ அன்பளிப்பாகவோ காசு வைத்தல் அங்கு வழக்கம் இல்லை. காசு வைத்துச் சென்றால், மறந்து சென்றீர் என்று கடைக்காரர் பின்னால் ஓடி வரவும் கூடும். உண்டவர் உடனே எழுந்து, வாயிலில் காத்திருப்பவர்க்கு இடம் விடுவர்.

கித்தகத்தாவில் இவ்வுணவைக் காலையிலேயே உண்ணும் வழக்கமும் உண்டு. காலை 7 மணிக்கே திறக்கும் கடைகள் அங்கு உள்ளன. தொழிற்சாலைகளில் இரவெல்லாம் பணிசெய்து விடியலில் வெளிவந்த தொழிலாளர்களும், இருள் பிரியுமுன் வயலுக்குச் சென்று திரும்பிய உழவர்களுமே இவ்வழக்கத்தைத் தொடங்கினர் என்பர். இரவுப் பணி முடித்து வந்து, தேநீர்க் கடையின் முன் நிற்கும் பனியன் தொழிலாளர்களைத் திருப்பூரில் காண்பவர்க்கு இஃது எளிதில் விளங்கும். உடல் தளர்ந்த வேளையில் ஒரு சூடான உணவு வெறும் உணவாக இராது; அது தளர்ந்தவரைத் தாங்கும் கையும் ஆகும்.

வண்டியோடு வந்த இளைஞர்

இத்துணைப் புகழ்பெற்ற உணவு ஜப்பானியர் ஆக்கியது என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். அவ்வாறன்று. அஃது அயலவர் கொண்டுவந்தது.

பௌத்த நெறியின் தாக்கத்தாலும் அரசாணைகளாலும் ஜப்பானியர் பல நூற்றாண்டுகள் நாற்கால் விலங்குகளின் இறைச்சியைப் பெரும்பாலும் விலக்கியே வாழ்ந்தனர். 1872-ஆம் ஆண்டில் பேரரசர் இறைச்சி உண்டார் என்னும் செய்தி வெளிவந்த பின்னரே அவ்விலக்குத் தளர்ந்தது. அதற்கு முன்னரே, 1859-இல், யோக்கோஹாமாத் துறைமுகம் அயல்நாட்டு வாணிகத்திற்குத் திறக்கப்பட்டிருந்தது. அங்குக் குடியேறிய சீனர்கள் தம் நாட்டு மாவிழை உணவைச் சமைத்து உண்டனர். எலும்பை வேகவைத்த சாற்றின் மணம் அக்கால ஜப்பானியர்க்கு எத்துணைப் புதிதாக இருந்திருக்கும்! 1910-இல் டோக்கியோவின் அசாகுசாப் பகுதியில் ஒசாகி கன்இச்சி என்னும் ஜப்பானியர் 'ராய்ராய்கென்' என்னும் கடையைத் தொடங்கினார். யோக்கோஹாமாவிலிருந்து சீனச் சமையற்காரர்களை அழைத்து வந்து, எளிய மக்கள் வாங்கக்கூடிய விலையில் அவ்வுணவை விற்றார்.

கித்தகத்தாவிற்கு அவ்வுணவு வந்த வரலாறு வேறு. 1920-களில் சீன நாட்டு இளைஞர் ஒருவர் பிழைப்பை நாடி ஜப்பானுக்கு வந்தார். அவர் பெயரை ஜப்பானியர் பன் கின்செய் என்று ஒலிப்பர். அப்பகுதியில் இருந்த உறவினர் ஒருவரை நம்பி, பனி சூழ்ந்த அம்மலைநாட்டிற்கு வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் எதிர்பார்த்த வேலை கிட்டவில்லை. மொழி புதிது, குளிர் புதிது, கையில் பொருள் இல்லை. அவரிடம் இருந்தது ஒன்றே: மாவைப் பிசைந்து இழையாக்கும் கைத்திறம்.

அவர் ஒரு தள்ளுவண்டியை அமைத்துக்கொண்டார். மாவிழையைத் தம் கையாலேயே செய்து, சாற்றோடு தெருத்தெருவாகக் கொண்டு சென்றார். தம் வரவை அறிவிக்கச் 'சாருமேரா' என்னும் குழலை ஊதினார். நாகசுரத்தைப் போலச் சீவாளி பொருத்தி ஊதும் சிறு கருவி அது. பனி பெய்யும் இரவில் அக்குழலோசை கேட்டு வீடுகளின் கதவுகள் திறந்தன. ஊரார் வெளியே வந்து உண்டனர். நாளடைவில் வண்டி நின்றது. 'கென்ராய்கென்' என்னும் கடை எழுந்தது.

அவர் தம் தொழில் நுட்பத்தை மறைத்து வைக்கவில்லை என்றும், கற்க வந்தவர்க்கெல்லாம் கற்பித்தார் என்றும் அவ்வூரார் நன்றியுடன் கூறுவர். கற்றவர்கள் தனித்தனியே கடை வைத்தனர். அவ்வூர் நீரும், அவ்வூர்ச் சோயா சாஸும் அவ்வுணவோடு சேர்ந்தன. சீன இளைஞரின் கைத்திறமும் ஜப்பானிய மண்ணின் வளமும் கூடிப் புதியதொரு சுவை பிறந்தது. 1970-களில் பழைய பண்டசாலைகளைக் காணப் பயணிகள் திரளாக வரத் தொடங்கினர். வந்தவர்கள் பண்டசாலைகளைக் கண்டனர். பசித்து ராமென் உண்டனர். ஊர் திரும்பி இரண்டையும் புகழ்ந்தனர். வேலை கிட்டாது நின்ற ஒரு புதியவர் தொடங்கிய தொழில், அவ்வூரில் எத்தனையோ குடும்பங்கட்கு வாழ்வளித்து வருகிறது.

பகையைக் கடந்த உணவு

இவ்வரலாற்றில் ஒரு கசப்பான பகுதியும் உண்டு. 1937 முதல் 1945 வரை ஜப்பான் சீனாவின்மீது பெரும்போர் நடத்தியது. அப்போரில் சீன மக்கள் அளவற்ற துன்பம் உழந்தனர். முன்னாளில் ராமெனைச் 'சினா சோபா' என்று அழைத்தனர். சீன மாவிழை என்பதே அதன் பொருள். எனினும் 'சினா' என்னும் அப்பெயரில் இகழ்ச்சி தொனிப்பதாகச் சீனர்கள் வருந்தினர். போருக்குப் பின்னர் அப்பெயர் பெரும்பாலும் கைவிடப்பட்டது. 'சூகா சோபா' என்றும், 'ராமென்' என்றும் மக்கள் அழைக்கலாயினர். ஒரு நாட்டினர் சமைத்த உணவை விரும்பி உண்டுகொண்டே அந்நாட்டினரை இகழ்தல் கூடும் என்பதை அவ்வரலாறு நமக்குக் காட்டுகிறது. நாவை வென்ற உணவு நெஞ்சையும் வென்றுவிடும் என்று நாம் எளிதில் நம்பிவிடலாகாது. நெஞ்சைத் திருத்துவது நம் கடமை. அதனை உணவு நமக்காகச் செய்துவிடாது.

போருக்குப் பின் ஜப்பானைப் பசி வாட்டியது. அமெரிக்காவிலிருந்து கோதுமை வந்தது. நகரத் தெருக்களில் மாவிழைக் கடைகளின் முன் மக்கள் குளிரில் வரிசையாய் நின்றனர். ஒசாக்காவில் அக்காட்சியைக் கண்டதை மறவாதவர் ஆந்தோ மோமோஃபுகு என்பார். அவர் தைவானில் பிறந்தவர். அவர் பல நாள் முயன்று, மாவிழையை எண்ணெயில் பொரித்து நீரை நீக்கி, வெந்நீர் ஊற்றிய சில நிமிடங்களில் உண்ணத்தக்கதாக்கும் முறையைக் கண்டார். 1958-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25-ஆம் நாள் அவ்வுணவு விற்பனைக்கு வந்தது. இன்று நம் ஊர் மளிகைக் கடைகளில் பொட்டலமாகத் தொங்கும் உடனடி நூடுல்ஸ் வகைகட்கு அதுவே முன்னோடி.

இந்தியரும் புதியவராய் நின்றார்

பன் கின்செய் வண்டி தள்ளிய அதே காலத்தில், டோக்கியோவில் இந்தியர் ஒருவரும் புதியவராய் வாழ்ந்தார். அவர் விடுதலை வீரர் இராஷ் பிகாரி போஸ். 1912-இல் தில்லியில் ஆங்கில அரசப் பிரதிநிதியின்மீது குண்டு வீசப்பட்ட நிகழ்ச்சியில் தொடர்புடையவராகத் தேடப்பட்டு, 1915-இல் ஜப்பானை அடைந்தார். ஆங்கில அரசின் வற்புறுத்தலால் ஜப்பானும் அவரை வெளியேற்ற முற்பட்டது. அந்நிலையில் டோக்கியோவின் ஷின்ஜுக்குப் பகுதியில் 'நாக்காமுராயா' என்னும் ரொட்டிக்கடை நடத்திய சோமா குடும்பத்தார் அவரைத் தம் இடத்தில் மறைத்துக் காத்தனர். அவர்கள் மகள் தோஷிகோவை அவர் 1918-இல் மணந்தார். 1925-இல் தோஷிகோ மறைந்தார். 1927-இல் நாக்காமுராயாவில் உணவுக்கூடம் திறக்கப்பட்டபொழுது, போஸ் தம் நாட்டு முறைப்படி ஆக்கிய கோழிக் கறிக்குழம்பும் சோறும் அங்கு இடம்பெற்றன. அவ்வுணவு இன்றளவும் அக்கடையின் பெருமையாக விளங்குகிறது. அடைக்கலம் தந்த வீட்டிற்கு அவர் செலுத்திய கைம்மாறு அது.

அந்நாள் ஜப்பானியர் மஞ்சளும் மிளகாயும் மணக்கும் அவ்வுணவைக் கண்டு மூக்கைப் பொத்தியிருந்தால் நாம் எவ்வளவு வருந்துவோம்! அவ்வருத்தத்தை நினைவில் இருத்திக்கொண்டு நம் ஊரை நோக்குவோம்.

நல்லூரின் அடுப்புகள்

திருப்பூரை அடுத்த நல்லூர் பழமையான ஊர். விசுவேசுவரர் திருக்கோயிலைத் தன்னகத்தே கொண்டது. 2011-இல் அது திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்தது. அங்கும் சுற்றிலும் உள்ள பின்னலாடைத் தொழிற்சாலைகளுக்கு முன்னாளில் தென்மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர் வந்தனர். பின்னர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்தனர். ஒரு சட்டை உருப்பெறும் வழியில், வெட்டுபவர் ஒரு மொழி பேசுவார். தைப்பவர் மற்றொரு மொழி பேசுவார். மடித்து அடுக்குபவர் வேறொரு மொழி பேசுவார். தையல் மட்டும் பிசகுவதில்லை.

மாலையில் அவர்கள் தங்கும் வரிசை வீடுகளில் அடுப்புகள் எரியும். கடுகெண்ணெயின் நெடி எழும். அந்நெடியைக் கண்டு முகம் சுளிப்பாரும், அவர்கள் உணவைப் பழித்துப் பெயரிட்டு அழைப்பாரும் நம்முள் இல்லாமல் இல்லை. மாணவர் சிலரும் அத்தகைய சொற்களை விளையாட்டாகக் கூறுவதுண்டு. அவ்வடுப்புகளின் அருகே சென்று பார்த்தால் உண்மை விளங்கும். பீகாரைச் சார்ந்தவர் 'சத்து' என்று உண்பது, வறுத்த கடலையை இடித்த மாவே. அசாம், வங்கப் பகுதிகளிலிருந்து வந்தோர் சந்தையருகே விற்கும் மோமோ, உள்ளே பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டையின் உறவினன். ஒடிசாவினர் 'பக்காளா' என்று விரும்பி உண்பதோ, முதல்நாள் சோற்றில் நீரூற்றிப் புளிக்கவைத்த நம் பழைய சோறுதான். பெயர் வேறு, பானை ஒன்றே.

நாம் நமது என்று கொண்டாடுபவற்றுள்ளும் எத்தனையோ புதியவர் தந்தவை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாக இந்நாடு புகுந்தது. அதற்கு முன்னர்த் தமிழர் மிளகையே உறைப்பிற்குப் பயன்படுத்தினர். தக்காளியும் உருளைக்கிழங்கும் அக்கண்டத்திலிருந்து வந்தவையே. காப்பியில் இடும் சீனியும், வடை பொரிக்கும் சீனச்சட்டியும் தம் பெயரிலேயே தாம் வந்த வழியைச் சொல்லி நிற்கின்றன. இவற்றையெல்லாம் நீக்கிவிட்டுச் சமைக்க முற்பட்டால் நம் அடுக்களையில் பாதி வெறுமையாகும்.

ஓர் உணவு எங்கே பிறந்தது என்பதனால் மட்டும் அஃது ஓர் ஊருக்கு உரியதாவதில்லை. அதனை உழைத்து ஆக்கியவர் கையும், இகழாது ஏற்றவர் நாவும் சேர்ந்தே அதனை உரியதாக்குகின்றன. கித்தகத்தாவின் மக்கள் பனியிரவில் குழலூதி வந்த இளைஞரைப் பார்த்துக் கதவடைத்திருந்தால், அவர் வேறோர் ஊருக்குப் போயிருப்பார். அவ்வூரின் பெயரும் நம் பாடத்தில் இடம்பெற்றிராது. அவர்கள் செய்த அரிய செயல் ஒன்றுமில்லை. கதவைத் திறந்தனர், கிண்ணத்தை வாங்கினர், உரிய விலையைத் தந்தனர், நன்றாயிருக்கிறது என்று கூறினர். இந்நான்கும் எவரும் செய்யக்கூடியவை.

மாணவர்களே, உங்கள் வகுப்பில் அயல்மாநிலத்திலிருந்து வந்த தோழன் ஒருவன் இருக்கக்கூடும். நண்பகலில் அவன் தன் உணவுக் கலத்தைத் திறக்கத் தயங்கி, தனியே ஒரு மூலையை நாடக்கூடும். அவன் தயக்கத்திற்கு நம் சொல்லோ பார்வையோ காரணமாகிவிடலாகாது. அவன் அருகே சென்று அமருங்கள். உங்கள் கலத்தில் உள்ளதில் ஒரு பங்கை அவனுக்குக் கொடுங்கள். அவன் கலத்தில் உள்ளதில் ஒரு பங்கைக் கேட்டு வாங்கி உண்ணுங்கள். கொடுப்பது மட்டுமன்று, பெற்றுக்கொள்வதும் விருந்தோம்பலே.